பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? முதலில் அம்மாவின் முழங்காலைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். பழையவர்களுக்குப் பத்தாங் பெர்சுந்தை என்றால்தான் தெரியும். அப்பா நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது 72 வயது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. நானும் தம்பியும் சீட்டுப் பணத்தை எடுத்து, ஆண்டிறுதி பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறோம். பயண முகவர், "பெரிய கப்பலின் காலம் முடிந்துவிட்டது, ஊர்களே அவற்றைத் துரத்துகின்றன. இனி சின்னக் கப்பல்தான்" என்று சொல்லி, பூக்கெட்டிலிருந்து ஏழு இரவு பாய்மரக் கப்பலைக் காட்டுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் கழிவாம். தம்பியோ சிங்கப்பூரிலிருந்து பெரிய கப்பலில் மூன்று இரவு போதும் என்கிறான். யார் சொல்வது சரி?
– ஓர் ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா

பதில்: தம்பி சொல்வதுதான் சரி, சகோதரி.

முகவர் சொன்னதில் பாதி உண்மை. இத்தாலி அரசு 2021 ஆகஸ்ட்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை வெனிஸ் நகரின் நடுக்கால்வாயில் விடுவதில்லை. அலாஸ்காவின் ஜூனோவில் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று 2024இல் வரம்பு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலையில் இறங்கினால் சின்ன ஊர் தாங்காது. ஆனால் நீங்கள் வெனிஸுக்கா போகிறீர்கள்?

பெரிய கப்பல் ஒழியவும் இல்லை, இன்னும் பெரிதாகிக்கொண்டுதான் வருகிறது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 248,663 டன், 20 தளம். சிங்கப்பூருக்கென்று வந்த டிஸ்னி அட்வென்சர் இரண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. அது முதலில் நம் கெந்திங் குழுமத்தின் ஹாங்காங் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. 2022இல் அந்த நிறுவனம் முறிந்த பிறகு, பாதியில் நின்ற கப்பலை டிஸ்னி வாங்கி முடித்தது. இன்னொரு பக்கம், 2022இல் வந்த எவ்ரிமா போல முந்நூறு பேர்கூட ஏறாத சொகுசுக் கப்பல்களும் பெருகுகின்றன. ஊழியர் சம்பளம், எண்ணெய், துறைமுகக் கட்டணம் எல்லாவற்றையும் கொஞ்சம் பேரே பங்கு போட வேண்டியிருப்பதால், சின்னக் கப்பலில் தலைக்கு ஆகும் செலவு பொதுவாகக் கூடுதல். தொழில் இப்படி இரண்டாகப் பிரிகிறது. அதை முகவர் உங்களுக்கு ஒரு பக்கமாகவே சொல்லியிருக்கிறார்.

கப்பலின் நீளத்தை வைத்து வசதியை எடை போடாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கப்பலுக்குச் சொல்லும் இந்த டன் எடை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். கெந்திங் டிரீம் என்ற பெரிய கப்பல் 150,695 டன், அறைக்கு இருவர் கணக்கில் 3,352 பேர். வகுத்தால் 45 வரும், தாராளம்தான். ஐகானிலும் இருவர் கணக்கில் 44. ஆனால் அதன் முழுக் கொள்ளளவான 7,600 பேரும் ஏறிவிட்டால் 33க்கு இறங்கிவிடும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கான மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்புவதால் நெரிசல் அதிகம். முடிந்தால் வார இறுதியை விட்டு வார நாளில் புறப்படும் பயணமாகக் கேளுங்கள்.

இந்தக் கணக்கை அந்தக் காலத்து ரஜூலா கப்பலுக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. 1926இல் கட்டியது, எட்டாயிரத்துச் சொச்சம் டன், அறையில்லாமல் தளத்திலேயே படுத்து வரும் தளப்பயணிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி. தலைக்கு இரண்டுகூட வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து அதில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் நம் தோட்டத்துப் பெரியவர்களில் பலர். அப்பாவுக்குப் பால்கனி உள்ள அறை எடுக்க முடியுமென்றால் தயங்காமல் எடுங்கள்.

இப்போது அம்மாவின் முழங்கால். ஸ்டார் கிளிப்பர் போன்ற பாய்மரக் கப்பல் பார்க்க அவ்வளவு அழகு, 170 பேர்தான், பெரிய கப்பல் எட்டாத சின்னச் சின்ன விரிகுடாவுக்கெல்லாம் போகும். ஆனால் லிஃப்ட் கிடையாது. சாப்பிடப் போனாலும் வெயில் காயப் போனாலும் படிதான். கரைக்குப் போக, ஆடும் சின்னப் படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். பெரிய கப்பலும் பூக்கெட்டின் பாத்தோங்கில் நங்கூரமிட்டுப் பெரும்பாலும் படகில்தான் இறக்கும். பினாங்கில் அந்தக் கஷ்டமில்லை. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும், லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கு போகும் பயணமாகப் பாருங்கள். வழியில் உள்ள மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது, அலை குறைவு. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத்தான் புரட்டும். அறை கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகில் இருக்கட்டும்.

விலையைச் சொல்லும்போது ஊழியர் அன்பளிப்புக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. கப்பல் மருத்துவர் இலவசம் அல்ல, அதனால் பெரியவர்களுக்குப் பயணக் காப்புறுதி கட்டாயம் வேண்டும். கடலில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் செயற்கைக்கோள் வழிக் கட்டணம் பில்லில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொன்னதற்கு அவசரப்படாதீர்கள். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி முகவருக்கு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். கப்பலின் பெயர், அறை வகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பிரச்சினை வந்தால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை.

இன்னொன்று. அப்பா அம்மா இருவரின் அடையாள அட்டையும் நீலம்தானே? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இன்னும் குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு, அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. நீலம் என்றாலும் கடப்பிதழில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.