தூங்கச் சொன்னவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படத்தை மகனோடு பார்த்தேன். அன்று நடுங்கிய இடங்களில் இன்று சிரிப்பு வந்தது. அவனோ அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. அதட்டித் தூங்க வைத்தேன். இதை இன்னும் செவ்வியல் படம் என்று சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

சொல்லலாம். 1984ஆம் ஆண்டின் ஒப்பனையும் தந்திரக் காட்சிகளும் பழசாகிவிட்டனவா என்று வாதாட எனக்குப் பொறுமை இல்லை. கொலைகாரனையே பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்புத்தான் வரும். நீங்கள் அந்தப் படத்தின் பெரியவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

குழந்தைகளைக் கொன்ற ஃப்ரெடி க்ரூகரை எரித்துக் கொன்ற பெற்றோர் அதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, அவன் கனவில் வந்து கொல்கிறான் என்று நடுங்கும் பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறார்கள். கதாநாயகி நான்சி தூங்காமலிருக்கக் குடிக்கும் காபியை அவள் அறையிலிருந்து தாய் எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் தலை மறைந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு காபிக் குடுவை வெளியே வருகிறது. எதிர்வீட்டுக் காதலன் க்ளெனை எழுப்ப நான்சி தொலைபேசியில் அழைக்கிறாள். பையன் தூங்கட்டும் என்று அவனுடைய தந்தை ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார். சற்று நேரத்தில் கட்டில் அவனை விழுங்கி, ரத்தத்தைக் கூரைக்குப் பீய்ச்சுகிறது. ஃப்ரெடியின் கத்தி விரல்களைவிட எனக்கு அந்த ரிசீவர்தான் பயங்கரம், ஏனென்றால் அதைக் கீழே வைத்த கை பாசத்தோடுதான் வைத்தது.

இது இயக்குநர் வெஸ் க்ரேவனின் வெறும் கற்பனையும் அல்ல. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த ஹ்மாங் இன இளைஞர்கள் தூக்கத்திலேயே இறந்த செய்திகளைப் படித்துத்தான் அவர் இக்கதைக்கு வந்தார். தூங்க மறுத்த ஒருவனுக்கு வீட்டார் மாத்திரை கொடுத்ததையும், அவன் அதை விழுங்காமல் ஒளித்ததையும், இறந்தபின் அவன் அறையில் மறைத்திருந்த காபி இயந்திரம் அகப்பட்டதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும். ஜன்னலில் யாரோ நிற்பதாக ஓரிரவு சொன்னாள். திரையைக்கூட விலக்கிப் பார்க்காமல், காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லி விளக்கை அணைத்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன், மடையன்.

‘அதட்டித் தூங்க வைத்தேன்’ என்று நீங்களும் சாதனை போல எழுதுகிறீர்கள். சின்னப் பையனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியவர் நீங்கள்தானே, ஐயா? இன்றிரவு விளக்கு எரியட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கனவில் யார் வந்தார் என்று கேளுங்கள்; அவன் சொல்லி முடிக்கும்வரை ‘தூங்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.