ஊர்ப் பெயரை 4000 வரிக்கும் இழுக்க வேண்டாம்

ஏ நெடுவரிசையில் ஊர்ப் பெயர் ஒவ்வொரு குழுவின் முதல் வரியில் மட்டும் இருக்கிறது, கீழே எல்லாம் காலி, 4000 வரிக்கும் ஒவ்வொன்றாக இழுத்து நிரப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இழுக்கவே வேண்டாம்.

எக்செல்தானே? ஏ2 முதல் கடைசி வரி வரை செலக்ட் செய்து எஃப்5 அழுத்துங்கள், ஸ்பெஷல் போய் பிளாங்க்ஸ் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் காலி செல்கள் மட்டும் செலக்ட் ஆகி நிற்கும். அப்புறம் வேறெங்கும் கிளிக் செய்யாமல் = போட்டு, மேல் அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர். வெறும் என்டர் தட்டினால் ஒரு செல்தான் நிரம்பும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இப்போது அங்கே இருப்பது ஃபார்முலா, சார்ட் செய்த (வரிசைப்படுத்திய) உடனே பெயர்கள் தாறுமாறாகிவிடும், அதனால் முழு நெடுவரிசையையும் காப்பி செய்து அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுங்கள், இது ரொம்ப முக்கியம். பெயருக்குப் பதில் =ஏ2 என்று எழுத்தாகவே தெரிந்தால் அந்த செல்கள் டெக்ஸ்ட் ஃபார்மட்டில் இருக்கின்றன; அவற்றைக் காலி செய்து, ஜெனரலுக்கு மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பில் எண் பி-101 இழுத்தால் 102, 103 என்று ஏறுகிறது என்றீர்களே, அதற்கு எண் உள்ள செல்லோடு கீழே உள்ளவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல் + டி. எண் ஏறாமல் அப்படியே நகலாகும்.