பேஸ்பால் தொடர் சாதனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ 56 ஆட்டங்களில் தொடர்ந்து ஹிட் அடித்ததை இன்னும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, ஏன்? ஆட்டத்துக்கு ஒரு ஹிட் போதும்தானே?

ஒன்று போதும் (பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஒரு பேஸையாவது, அதாவது ஓடிச் சேர வேண்டிய ஒரு முனையையாவது, எட்டுவதுதான் ஹிட்). ஆனால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, அங்கேதான் சிக்கல். நூறு முறை பேட் பிடித்து 35 ஹிட் எடுப்பவர் முதல் தர பேட்டர். அவருக்கு ஆட்டத்துக்கு நாலு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது ஒரு ஹிட் விழ 82 சதவீதம் வாய்ப்பு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே 56 முறை பெருக்கிப் பாருங்கள், 60,000-ல் ஒன்று என்று வந்து நிற்கும்.

டிமாஜியோ இதைச் செய்தது 1941-ல், மே 15 முதல் ஜூலை 16 வரை. அந்த 56 ஆட்டங்களில் 91 ஹிட், சராசரி .408, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 408 ஹிட் என்ற கணக்கு. அதற்குப் பிறகு யாரும் நெருங்கவில்லை. 1978-ல் பீட் ரோஸ் 44 வரை வந்தார், அவ்வளவுதான்.

முடிந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜூலை 17, கிளீவ்லாந்தில் இரவு ஆட்டம், 67,000-க்கும் மேல் கூட்டம். மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர் எல்லைக்கோட்டை ஒட்டி, வழக்கத்தைவிட நன்றாகப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். டிமாஜியோ இரண்டு முறை அவர் பக்கமாகவே பலமாக அடித்தார். இரண்டு பந்தையும் கெல்ட்னர் எட்டிப் பிடித்து, கோட்டுக்கு வெளியே இருந்தே முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினார். கடைசி வாய்ப்பில் அடித்த பந்து தரையில் பட்டுக் கோணலாகத் துள்ளியது. ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) நின்ற லூ பூட்ரோ அதையும் விடவில்லை, டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். மறுநாள் டிமாஜியோ மறுபடி ஆரம்பித்து இன்னொரு 16 ஆட்டம் ஓட்டினார். அது வேறு விஷயம்.

அதே வருஷம் சீசன் முழுக்க .406 அடித்தவர் டெட் வில்லியம்ஸ். சிறந்த ஆட்டக்காரர் விருது டிமாஜியோவுக்குப் போனது. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் வில்லியம்ஸுக்குத்தான் போட்டிருப்பேன்.

ஒரு ஆட்டம் முழுக்க பிட்சர் (பந்து வீசுபவர்) ‘வாக்’ கொடுத்தே, அதாவது அடிக்க வாகில்லாத பந்துகளாக வீசி முதல் பேஸுக்குச் சும்மாவே அனுப்பிவிட்டால் ஹிட் தொடர் அறுந்துவிடுமா?

அறுந்துவிடாது. வாக், உடம்பில் பந்து படுவது, சாக்ரிஃபைஸ் பன்ட் (தான் அவுட் ஆனாலும் சக ஆட்டக்காரர் முன்னேறட்டும் என்று பந்தை மெல்லத் தட்டிவிடுவது) இவை மட்டுமே கணக்கில் இருந்தால் அந்த ஆட்டத்தை விதிப்புத்தகம் கண்டுகொள்ளாது. ஆனால் ஹிட்டே இல்லாமல் ஒரு சாக்ரிஃபைஸ் ஃபிளை (உயர அடித்துப் பிடிபட்டாலும் சக ஆட்டக்காரருக்கு ரன் வாங்கித் தரும் அடி) இருந்தால் போச்சு.

நியூயார்க் ஜயன்ட்ஸ் 1916-ல் தொடர்ந்து 26 ஆட்டம் வென்றது என்கிறார்கள். நடுவில் ஒரு டிரா இருந்ததாமே?

இருந்தது. 12 வெற்றிக்குப் பிறகு பிட்ஸ்பர்க்கோடு 1-1 என்று இருந்தபோது மழை வந்து ஆட்டம் நின்றது. அப்புறம் 14 வெற்றி. அந்தக் காலத்தில் டிரா ஆன ஆட்டத்தைத் திரும்ப ஆடுவார்கள், அதனால் அது தொடரை அறுக்காது என்பது அதிகாரபூர்வக் கணக்கு. டிராவே இல்லாத தொடர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு 2017 கிளீவ்லாந்தின் 22 இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 26 வென்ற ஜயன்ட்ஸ் அந்த வருஷம் லீக்கில் நாலாவது இடம்.

லூ கெரிக், கால் ரிப்கன் இருவரில் யார் உண்மையான ‘இரும்பு மனிதர்’?

ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து ஆடியவர் யார் என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை ரிப்கனுக்குச் சாதகம். கெரிக் 1925 முதல் 1939 வரை 2,130 ஆட்டம். ரிப்கன் 1982 முதல் 1998 வரை 2,632. 1995 செப்டம்பர் 6-ல் அவர் கெரிக்கைத் தாண்டியபோது பால்டிமோர் அரங்கில் 22 நிமிடம் கைதட்டல் ஓயவில்லை.

கெரிக்கின் தொடரில் கொஞ்சம் ஒட்டுப்போட்ட இடங்களும் உண்டு. 1934-ல் இடுப்பு வலியோடு இருந்தவரை ஷார்ட்ஸ்டாப் என்று பட்டியலில் போட்டு முதலில் பேட் செய்ய அனுப்பினார்கள். ஒரு ஹிட் அடித்தார், உடனே வெளியே வந்துவிட்டார். விதிப்படி அதுவும் ஒரு ஆட்டம்தான். அதற்காக அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. கடைசியில் அவரை நிறுத்தியது நரம்புகளைத் தாக்கித் தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோய். 1941 ஜூன் 2-ல், டிமாஜியோவின் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, காலமானார்.

நீங்கள் விட்டுவிட்ட ஒருவர் இருக்கிறார்: ஜப்பானின் ஹிரோஷிமா கார்ப் அணியின் சாச்சியோ கினுகாசா, 2,215 ஆட்டம். 1979-ல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் மாற்று பேட்டராக வந்து, மூன்று பந்துக்கும் முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றி, மூன்றும் படாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆகிப் போனார். இரும்பு என்றால் என் ஓட்டு இவருக்கே. 1996-ல் ரிப்கன் தன்னைத் தாண்டியபோது அதை நேரில் பார்க்கவும் வந்திருந்தார்.

தொடர் சாதனைகளில் அம்பயர் தயவும் உண்டா?

நிறையவே. பிட்சர் டான் டிரைஸ்டேல் 1968-ல் தொடர்ந்து 58 இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று) ரன் விடாமல் வீசினார். நடுவில் ஒரு ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், எல்லா பேஸிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை. அவர் வீசிய பந்து பேட்டர் டிக் டீட்ஸ் மேல் பட்டது. அப்படிப் பட்டால் பேட்டர் முதல் பேஸுக்குப் போவார், மற்றவர்களும் ஒரு பேஸ் நகர்வார்கள், ஒரு ரன் வர வேண்டும். ஆனால் டீட்ஸ் விலக முயலவே இல்லை என்று அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் மறுத்துவிட்டார், ரன்னும் வரவில்லை. 1988-ல் அதை 59 ஆக்கிய ஓரல் ஹெர்ஷைசருக்கும் இதே கதைதான். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ரன் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, இரண்டாம் பேஸுக்கு ஓடிய பிரெட் பட்லர் ஃபீல்டருக்குக் குறுக்கே சறுக்கினார் என்று சொல்லி அம்பயர் அந்த ரன்னையே ரத்து செய்தார். இரண்டு தீர்ப்பும் விதிப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இப்படி விதியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்லும் அம்பயரைத் தினமும் பார்க்க முடியாது.

தோல்வித் தொடர் பற்றியும் சொல்லுங்களேன்.

நவீன காலத்தில் மிக நீளமானது 1961-ல் பிலடெல்பியாவின் 23. ஆனால் சீசன் தொடங்கும்போதே சறுக்கியவர்கள் 1988 பால்டிமோர் ஓரியோல்ஸ். முதல் 21 ஆட்டமும் தோல்வி. ஆறாவது தோல்வியோடு மேனேஜரை (தலைமைப் பயிற்சியாளரை) வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கால் ரிப்கன் சீனியர். மகன், மேலே சொன்ன அதே ரிப்கன், அதே அணியில் ஷார்ட்ஸ்டாப், ஒரு ஆட்டம் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்.