நடிப்பவருக்கு யார் மார்க் போடுவது?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. படிப்பு முடிந்ததும் நடிப்புப் பயிற்சிக்குப் போனாள். ஆறு வருடமாக மேடை நாடகம், குறும்படம், டப்பிங், தொடரில் சின்னச் சின்ன வேடம் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நான்கு மாதமாக எதுவும் அமையவில்லை. போகிற ஆடிஷன் எதிலிருந்தும் பதிலே வருவதில்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் தான் நடித்த பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "சுயபரிசோதனை செய்கிறேன், தொந்தரவு பண்ணாதே" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு வேலைக்குப் போகச் சொல்லட்டுமா?

அம்மா, வேறு வேலையைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த இரண்டு மணிதான்.

அந்த நேரத்தில் அவள் செய்வதற்குப் பெயர் அசைபோடுவது. சுயபரிசோதனையும் அசைபோடுவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கே வித்தியாசம் தெரியாது. 1999இல் பால் டிராப்னெல், ஜெனிஃபர் கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கையில் எடுத்தார்கள். தன்னைப் பற்றி அதிகம் யோசிக்கிறவர்களுக்குத் தன்னைப் பற்றிய தெளிவும் அதிகமாக இருக்கிறது, மனவேதனையும் அதிகமாக இருக்கிறது. அது எப்படி? அவர்கள் சொன்ன விளக்கம்: யோசிப்பதிலேயே இரண்டு வகை. தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் தன்னைப் பார்ப்பது ஒன்று. பயத்திலும் இழந்துவிட்டோம் என்ற எண்ணத்திலும் பழசையே கிளறுவது இன்னொன்று. உங்கள் மகள் முதலாவதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிரித்துப் பார்க்க என்னிடம் ஒரு சுலபமான வழி உண்டு. வீடியோவை மூடிய பிறகு, நாளைக்குச் செய்து பார்க்க ஒரு வேலை கையில் இருக்கிறதா? இருந்தால் அது பரிசோதனை. "நான் லாயக்கில்லை" என்ற தீர்ப்பு மட்டும் மிஞ்சுகிறதா? அப்படியானால் அவள் தூங்கியிருக்கலாம்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தொழிலே அப்படி அமைந்திருக்கிறது. தையற்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் தோள் இழுப்பது உடனே தெரிந்துவிடும். கணக்கெழுதுகிறவருக்கு வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் எங்கோ தப்பு என்று தெரியும். நடிப்பவருக்கு என்ன தெரிகிறது? உள்ளே போகிறார், நான்கு நிமிடம் நடித்துக் காட்டுகிறார், "நன்றி, சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள். அதோடு சரி. இனி அந்த மௌனத்தை என்ன சொல்லி நிரப்புவது என்பது அவர் பாடு. மனித மனம் அதைப் புகழ்ச்சியால் நிரப்பாது.

அந்த மௌனத்துக்குப் பின்னால் என்னென்ன இருக்கலாம் என்று பாருங்கள். கதாநாயகனைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருந்திருப்பாள். ஏற்கெனவே ஒப்பந்தமான அம்மா வேடக்காரரின் முகச்சாயல் இவளுக்கு இல்லாமல் இருந்திருக்கும். தேதி ஒத்துவந்திருக்காது. தயாரிப்பாளர் மனதில் வேறொருவர் இருந்திருப்பார். அந்தப் பாத்திரத்தையே கதையிலிருந்து தூக்கியிருப்பார்கள். இதில் ஒன்றுக்கும் அவள் நடிப்புக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குப் பிடிக்காது: தேர்வானாலும் கதை இதேதான். கிடைத்தது என்பதாலேயே நன்றாக நடித்தோம் என்று ஆகிவிடாது. வாய்ப்பை வைத்துத் தனக்கு மார்க் போட்டுக்கொள்கிறவர் வாய்ப்பு வரும் மாதத்தில் மேதையாகவும், வராத மாதத்தில் பூஜ்யமாகவும் இருப்பார். ஆறு வருடம் அப்படி ஏறி இறங்கினால் யாருக்கும் அலுத்துப்போகும்.

ஆக, அவளுக்கு வேண்டியது அவளே வைத்துக்கொள்ளும் ஒரு அளவுகோல். இனி நான் எழுதுவதை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

தங்கையே, சில மாதங்களுக்கு முன் உங்களைப் போல ஒருவர் என் அறைக்கு வந்தார். ஆடிஷனுக்காகத் தானே படம்பிடித்து அனுப்பிய வீடியோவை (செல்ஃப் டேப்) மொபைலில் காட்டி, "சார், எனக்கு உணர்ச்சியே வரவில்லை, நான் ஒரு மரக்கட்டை" என்றார். நான் தொழில் ஆலோசகர், எனக்கு நடிப்பு தெரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் ஓடவிடச் சொன்னேன். ஒன்றே முக்கால் நிமிடக் காட்சி. மூன்றாவது முறை பார்க்கும்போது அவரே நிறுத்தினார். எதிரில் இருப்பவர் இன்னும் பேசி முடிக்கவில்லை. இவருடைய புருவம் அதற்குள் ஏறிவிடுகிறது, மூச்சை இழுத்து அடுத்த வசனத்துக்குத் தயாராகிறார். ஒரு தடவை இல்லை, ஐந்து இடத்தில். அதாவது அவர் கேட்கவே இல்லை, தன் முறைக்குக் காத்திருந்தார். "மரக்கட்டை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எதிராளி முடிக்கும் முன்பே மூச்சை இழுக்கிறேன்" என்பதை அன்று சாயங்காலமே திருத்த ஆரம்பிக்கலாம். அப்படித்தான் செய்தார். அந்த வேடம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

நீங்களும் இப்படிப் பாருங்கள். ஒரு முறை சத்தமில்லாமல். ஒரு முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு: எல்லா வரியும் ஒரே இறக்கத்தில் முடிகிறதா, மூச்சு எங்கே உடைகிறது என்று. மூன்றாவது முறை, பிடித்த ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும். அதோடு மூடிவிடுங்கள். பத்தாவது முறை பார்ப்பதால் தெரியப்போவது மூக்கு கோணல் என்பதுதான். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சாப்பிட்ட பிறகு பாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. ஆடிஷனோ ஒத்திகையோ முடிந்த அன்றே, படுக்கப் போவதற்கு வெகு முன்பே, அதில் எழுதுங்கள். என்ன செய்யத் தீர்மானித்துப் போனீர்கள், உண்மையில் என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள். கிடைத்ததா இல்லையா என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடையாது. "நான்" என்று எழுதும்போது வலித்தால் உங்கள் பெயரையோ "இவள்" என்றோ போட்டு எழுதுங்கள்: "இவள் இரண்டாவது வரியில் அவசரப்பட்டாள், பார்வை கதவுப் பக்கம் போனது." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், நெருக்கடியான நேரத்தில் தன்னைத் தன் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பேச்சு முடிந்த பிறகு அதையே நினைத்து மருகுவதும் குறைந்தது. பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது "அவள் இதற்காகத்தான் பொய் சொல்கிறாள்" என்று எவ்வளவு நியாயமாகப் பேசுகிறீர்கள்! அந்த நியாயத்தில் கொஞ்சம் உங்களுக்கும் கொடுங்கள்.

நோட்டு எழுதுவது தொடக்கக்காரர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். ரஷ்ய நடிகரும் நாடக இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 14 வயதிலேயே தன் நடிப்பைப் பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கியவர். 1906இல் அவருக்கு 43 வயது. 1898இல் நெமிரோவிச்-டான்சென்கோவுடன் சேர்ந்து தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம் அப்போதுதான் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பேர் வாங்கித் திரும்பியிருந்தது. அந்தக் கோடையில் ஓய்வுக்காகப் பின்லாந்து போனவர், கடலோரப் பாறை ஒன்றில் உட்கார்ந்து யோசித்தார்: மேடையில் எனக்கு முன்பு இருந்த சந்தோஷம் எங்கே போனது? இப்சனின் நாடகத்தில் அவர் நடித்த டாக்டர் ஸ்டாக்மன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். அந்த நடையும், விரல்களை முன்னால் நீட்டும் விதமும் ஆரம்பத்தில் உயிருள்ள நினைவுகளிலிருந்து வந்தவை. ஆண்டுகள் ஓடியதில் நினைவு ஆவியாகிவிட்டது. விரல் மட்டும் நீண்டுகொண்டிருந்தது. அவர் பின்னாளில் உருவாக்கிய நடிப்பு முறையின் தேடல் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். "நான் நல்ல நடிகனா?" என்று கேட்டிருந்தால் பாறையிலேயே உட்கார்ந்திருப்பார். எந்தப் பாத்திரத்தில், எந்த அசைவில், என்ன தொலைந்தது என்று கேட்டார்.

சரி, ஊக்கத்துக்கு வருவோம். "வாய்ப்பு வந்தால் உற்சாகம் தானாக வரும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரும், வந்த வேகத்தில் போகவும் போகும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் இஷ்டம்போல எதையும் செய்யலாம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசே சொல்லாமல் வரைந்தவர்களுக்கும், எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கும் ஆசை அப்படியே இருந்தது. உங்கள் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் சும்மா இருக்கும்போதே எதையாவது நடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இப்போது ஆடிஷனுக்கு மட்டும்தான் வசனம் படிக்கிறீர்கள். சரியா?

அந்தப் பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். யாரும் கேட்காத ஒரு பாத்திரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், உங்களுக்கு ஒருபோதும் தரமாட்டார்கள் என்று தோன்றும் பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு நாள் கூடுங்கள். ஒருவர் நடிக்க, மற்றவர்கள் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "சூப்பர்", "சரியில்லை" இரண்டுக்கும் தடை. டெசி, ரயன் என்ற இருவர் பல ஆண்டுகள் ஊக்கத்தைப் பற்றியே ஆராய்ந்தவர்கள். என் விருப்பப்படி செய்கிறேன், எனக்குக் கை கூடிவருகிறது, என்னோடு நான்கு பேர் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகளில்தான் அது வேர் பிடிக்கிறது என்பது அவர்கள் கருத்து. ஆடிஷன் வரிசையில் இந்த மூன்றில் ஒன்றும் கிடைக்காது. அந்த வாரக் கூட்டத்தில் மூன்றும் கிடைக்கும்.

ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மனின் முதல் திரைப்படம் வெளியானபோது அவருக்கு வயது 42. இந்தக் கதையைப் பலரும் "காத்திருந்தால் கிடைக்கும்" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை; காத்திருந்து கிடைக்காமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் பார்ப்பது வேறு. அவர் கிராஃபிக் டிசைனராக இருந்து, 26 வயதில் நடிப்புப் பள்ளிக்குப் போனவர். படம் வரும் முன்பான அத்தனை வருடமும் மேடையில் நடித்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருக்கவே இல்லை.

வேறு வேலை விஷயம், இது உங்கள் இருவருக்கும். பகுதிநேர வேலை தோல்வியின் அடையாளம் என்ற எண்ணம் நடிகர்களிடம்தான் இருக்கிறது. உண்மையில் வாடகைப் பயத்தோடு ஆடிஷனுக்குப் போகிறவரின் முகத்தில் அந்தப் பயம் தெரியும். நேரத்தை மாற்றிக்கொள்ள விடும் வேலையாக, ஒத்திகைக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்கும் வேலையாகப் பாருங்கள். முழுவதும் விட்டுவிடுவதா என்பதை இந்த நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்காதீர்கள். ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் கழித்து. அன்று நோட்டை எடுத்து முதல் பத்துப் பக்கத்தையும் கடைசிப் பத்துப் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். தப்புகள் மாறியிருக்கின்றனவா? யாரும் கேட்காத பாத்திரத்தை எடுத்து நடிக்க இன்னும் கை துறுதுறுக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால், விடுவதில் ஒரு கேவலமும் இல்லை. அந்தத் தேதி வரைக்கும் தினமும் இதே வழக்கை நடத்த வேண்டாம்.

அம்மா, இனி உங்களுக்கு. ஆடிஷன் முடிந்து வீட்டுக்குள் வந்ததும் "கிடைச்சுதா?" என்று கேட்கிறீர்களா? எல்லா அம்மாவும் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் திரும்பவும் மார்க் பட்டியலுக்கு இழுக்கிறது. அதற்குப் பதிலாக "இன்றைக்கு யாராக நடிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு தடவை முறைப்பாள். மூன்றாவது தடவை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே நடித்துக் காட்டினாலும் காட்டுவாள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் நாட்டமில்லாமை இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது தொழில் ஆலோசகரின் எல்லை கிடையாது; மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து பயனில்லை என்கிற மாதிரிப் பேச்சு ஏதாவது வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஒரு மாதம் கழித்து அவளை என்னிடம் வரச் சொல்லுங்கள். நடித்த காட்சிகளைத் தொகுத்த ஷோரீல் வேண்டாம், நோட்டை மட்டும் எடுத்து வரட்டும்.