மரத்தில் பரண் கட்டி மான் வேட்டைக்கு உட்காருபவர்கள் தவறி விழுவது உண்டா? பாதுகாப்புக்கு என்ன செய்கிறார்கள்?

உண்டு. நானே விழுந்திருக்கிறேன். தரை வரைக்கும் போகவில்லை, அதனால் உட்கார்ந்து இந்தப் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலிக்காரனுக்கு மான் வேட்டையில் என்ன வேலை என்று முதலில் கேட்பீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் மேல் கை வைத்தால் கம்பிதான் எண்ண வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய கேன்டன் என்ற ஊரில். இங்கே வெள்ளைவால் மான் ஏராளம். உரிமம் வாங்கிக்கொண்டு, பருவத்தில், சொன்ன கணக்குக்குள் வேட்டையாடலாம். வில்லுக்கு அக்டோபர் 1இல் பருவம் திறக்கும். துப்பாக்கிக்கு நவம்பர் 15 முதல் 30 வரை. நவம்பர் 15 அன்று எங்கள் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், நம்மூரில் மாட்டுப் பொங்கலுக்கு இருப்பதுபோல. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில், பத்து பன்னிரண்டு வயதுப் பொடியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அதை முடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார் சீட் பெல்ட்டைச் சோதிப்பது என் பிழைப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று வருகிறது.

பரண் என்றதும் தினைப்புனக் காவலோ, தாளவாடிப் பக்கம் யானைக்குக் காவல் இருக்கும் மரப் பரணோ நினைவுக்கு வரும். இங்கே 'ட்ரீ ஸ்டாண்ட்' என்பது அதைவிடச் சின்னது. ஒரு ஆள் உட்காரும் இரும்பு இருக்கை, கால் வைக்க ஒரு வலைத்தட்டு, இரண்டையும் மரத்தோடு சேர்த்துக் கட்டும் நாடா. அவ்வளவுதான். ஏணியோடு சேர்ந்து வருவது ஒரு வகை. நாம் ஏற ஏற நம்மோடு மரத்தில் நகர்ந்து வருவது ஒரு வகை. தனியாக மாட்டிவிட்டு, துண்டு ஏணிகளை மரத்தில் கட்டி ஏறுவது இன்னொரு வகை. என்னிடம் இருப்பது கடைசி வகை. உயரம் பதினைந்திலிருந்து இருபது அடி. மான் சாதாரணமாக மேலே பார்ப்பதில்லை, நம் வாசனையும் அதன் மூக்குக்கு மேலே போய்விடும். அம்போ குண்டோ குறி தவறினாலும் தரையில்தான் இறங்கும், எங்கோ தோட்டத்தில் நிற்கிற ஆள் மேல் போகாது. ஆக, மேலே ஏறுவதில் அடுத்தவனுக்குப் பாதுகாப்பு. ஏறுகிறவனுக்குத்தான் ஆபத்து.

பதினெட்டு அடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒரு நொடிதான் ஆகும், வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர். எங்கள் ஆய்வகத்தில் அந்த வேகத்தில் கார் மோதினால் பொம்மைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. காரணம், முன்னால் நசுங்க மூன்றடித் தகரம் இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. மரத்திலிருந்து விழுகிறவனுக்கு நசுங்க அவனுடைய முதுகெலும்பு ஒன்றுதான்.

நான் வேட்டைக்குப் போவது ஜாக்சன் நகரத்துக்கு மேற்கே ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரர் ஒரு பெரியவர், எனக்கு வில் பிடிக்கக் கற்றுத்தந்தவர். நாற்பது வருஷமாக அதே காட்டில் ஏறி இறங்கியவர். மேலே போய் உட்கார்ந்ததும் மறக்காமல் பெல்ட்டை மாட்டிக்கொள்வார். ஒரு நவம்பர் காலை, நாலு மணி நேரம் குளிரில் அசையாமல் இருந்துவிட்டு, பதினோரு மணிக்கு இறங்க எழுந்தார். பெல்ட்டைக் கழற்றினார். கழற்றாமல் எப்படி இறங்குவது? ஒரு கால் தட்டில், ஒரு கால் ஏணியின் மேல்படியில். படியில் உறைபனி, கால் மரத்துப்போயிருந்தது. வழுக்கியதே தனக்குத் தெரியாது, வானம் தெரிந்தது, அவ்வளவுதான் என்பார்.

இடுப்புப் பக்க முதுகெலும்பில் முறிவு, காலை அசைக்க முடியவில்லை. செல்போன் பையில் இருந்தது. பை மரத்தில், இருக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று அவர் மனைவி கூப்பிட, தலைக்கு மேலே பதினாறு அடியில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நின்று, மறுபடி அடித்து, மறுபடி நின்று. அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். எந்த மரத்துக்குப் போகிறேன் என்று கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இருந்தது, அதுதான் காப்பாற்றியது. இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது முதுகில் இரண்டு கம்பியும் கையில் ஒரு தடியுமாக நடக்கிறார்.

கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான். மேலே உட்கார்ந்து தூங்கி விழுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து விழுந்தவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்திருந்தபோது விழவில்லை. ஏறும்போது, இறங்கும்போது, குறிப்பாக ஏணியிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து ஏணிக்கும் மாறுகிற அந்த ஒரு எட்டில் விழுந்தவர்கள். அந்த ஒரு எட்டில்தான் பெல்ட் எதிலும் மாட்டியிருக்காது.

அதற்கு வழி இருக்கிறது, அதிலும் பெரிய செலவு கிடையாது. 'லைஃப்லைன்' என்று முப்பது அடிக் கயிறு. மேல் நுனியைப் பரணுக்கு மேலே, நம் தலைக்கும் மேலே மரத்தில் கட்ட வேண்டும். கீழ் நுனியை அடிமரத்தில். அந்தக் கயிற்றில் ஒரு புருசிக் முடிச்சு. கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு அது. கையால் தள்ளினால் கயிற்றில் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். பாரம் விழுந்தால் அங்கேயே கவ்விக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை, அதாவது தோள், இடுப்பு, தொடையைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையை, அந்த முடிச்சில் மாட்டிவிட வேண்டும். ஏற ஏற முடிச்சைத் தள்ளிக்கொண்டே போகலாம். மாலையில் தரையில் கால் வைத்த பிறகுதான் கழற்றுவது. இடையில் ஒரு நொடிகூடக் கழற்றல் இல்லை. பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செய்த முதல் வேலை, தன் காட்டில் இருந்த எல்லாப் பரணுக்கும் இந்தக் கயிற்றைக் கட்டச் சொன்னது. கட்டியவன் நான். "கயிற்றில் மாட்டாதவன் என் காட்டுக்குள் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வயசானவர் மனம் கோணக் கூடாது என்றுதான் நான் மாட்டிக்கொண்டேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே.

இனி என் கதை. 2021 அக்டோபர் கடைசி வாரம், விடியக்காலை ஆறே முக்கால், இன்னும் வெளிச்சம் வரவில்லை. சிவப்பு ஓக் மரம், பதினெட்டு அடி. ஏணியின் மேல்படியிலிருந்து இடது காலைத் தட்டில் வைத்து முழுப் பாரத்தையும் ஊன்றினேன். டப் என்று ஒரு சத்தம். தட்டு எனக்குக் கீழிருந்து காணாமல் போனது. ஒன்றரை அடி இறங்கியிருப்பேன், முடிச்சு கவ்வி, பளீரென்று தொடையில் ஓர் இழுப்பு. பரண் ஒரு நாடாவில் கோணலாகத் தொங்குகிறது, பக்கத்தில் நான் தொங்குகிறேன்.

உயிர் பிழைத்தோம் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் தப்பு. ஹார்னஸில் தொங்குவது ஊஞ்சல் இல்லை. உடம்பு எடை முழுவதும் தொடையைச் சுற்றிய இரண்டு பட்டையில் இறங்கும். காலுக்குப் போன ரத்தம் மேலே திரும்பாது. நிற்கும்போதும் நடக்கும்போதும் கெண்டைக்கால் தசை அழுத்தித்தான் ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அந்தரத்தில் அதற்கு ஊன்ற இடமில்லை. சும்மா தொங்கினால் சில நிமிடங்களிலேயே தலை சுற்றலாம், மயங்கலாம், அதோடு முடிந்தும் போகலாம். வகுப்பில் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பையனின் பென்சில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏணி இரண்டடி தள்ளி இருந்தது. காலை வீசினால் கயிறு முறுக்கி என்னை மரத்துக்கு முதுகு காட்டித் திருப்பியது. மூன்று தடவை முயன்றேன். நாலாவது தடவை பாதத்தில் எறும்பு ஊர ஆரம்பித்தது. அப்போதுதான் ஹார்னஸின் இடுப்புப் பையில் சுருட்டி வைத்திருந்த நாடா ஞாபகம் வந்தது. வாங்கிய அன்று, எதற்கு இந்தக் கூடுதல் துண்டு என்று குப்பையில் போடப் போய், அப்புறம் சோம்பலில் விட்டது. ஒரு வளையம், அவ்வளவுதான். அதை ஹார்னஸில் மாட்டி, வளையத்துக்குள் இரண்டு பாதத்தையும் விட்டு எழுந்து நின்றேன். தொடைப் பட்டை தளர்ந்தது. காலுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல ரத்தம் ஓடியது. நின்றபடி உடம்பை ஆட்டி ஏணியைப் பிடித்து, படியில் ஏறி நின்றதும் முடிச்சின் மேல் இருந்த பாரம் போனது. ஆனாலும் முடிச்சு நகரவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நகத்தால் நெகிழ்த்தி, பல்லாலும் கடித்து இழுத்து, ஒரு ஒரு அடியாக இறங்கினேன்.

கீழே வந்து டார்ச் அடித்து அறுந்த நாடாவைப் பார்த்தேன். ஒரு ஓரம் அணில் கொறித்தது, பல் வரிசை தெளிவாகத் தெரிந்தது. மிச்சம் வெயிலில் வெளுத்து, விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. போன பருவம் முடிந்ததும் பரணை இறக்காமல் மரத்திலேயே விட்டிருந்தேன். ஒரு வருஷத்தில் மரமும் பருத்து நாடாவை இறுக்கியிருந்தது. சீட் பெல்ட் நாடாவை வெளிச்சத்தில் நாள் கணக்கில் வாட்டி எடுத்து, இழுத்து அறுத்து, பலம் எவ்வளவு குறைந்தது என்று அறிக்கை எழுதுகிறவன் நான். வெட்கப்பட வேண்டிய இடம் என்றேனே, இதுதான்.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொடையில் கன்றிப்போன நீலத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன?" என்று ஆரம்பித்த விசாரணை ராத்திரி ஒரு மணி வரை போனது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

நீங்களும் ஏறுகிறவர் என்றால், நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பருவம் முடிந்ததும் பரண், நாடா எல்லாம் இறக்கிக் கராஜுக்கு வந்துவிடும். நாடா மலிவு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுகிறேன். ஹார்னஸ் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும், காலாவதி உண்டு. ஒரு தடவை விழுந்து பாரம் தாங்கிவிட்டால் அதன் கதை முடிந்தது, மோதிய காரின் பெல்ட்டை மாற்றுவதுபோல மாற்றத்தான் வேண்டும். மரத்தோடு இணைக்கும் பட்டையில் தொய்வு இருக்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் அது கிட்டத்தட்ட விறைப்பாக, தலைக்கு மேலிருந்து வர வேண்டும். தொய்வு ஓர் அடி என்றால் ஓர் அடி சும்மா விழுந்து வேகம் பிடித்த பிறகுதான் பெல்ட் வேலையைத் தொடங்கும். சீட் பெல்ட்டில் அந்தத் தொய்வை வெடிமருந்து வைத்து உள்ளிழுக்கிறோம். மரத்தில் நம் கைதான் இழுக்க வேண்டும்.

மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் இது பெரிய விஷயம். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. பட்டுப்போன ஆஷ் நேராக, அழகாக, பரண் கட்டத் தோதாக நிற்கும். அப்பளம் மாதிரி நொறுங்கும். வில்லையும் துப்பாக்கியையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போன பிறகு கயிற்றில் தூக்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, அம்பு முனைக்கு மூடி இருக்க வேண்டும்.

செல்போன் சட்டையின் ஜிப் போட்ட நெஞ்சுப் பாக்கெட்டில். மரத்தில் மாட்டும் பையிலோ கொக்கியிலோ இல்லை.

பெரியவர் இப்போது ஏறுவதில்லை. ஓக் மரத்தடியில் தரைக் கூடாரம் போட்டு, சக்கர நாற்காலி அகலத்துக்கு ஒரு மடக்கு நாற்காலியில் உட்காருகிறார். போன வருஷம் நான் மேலே வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க, கீழே அவருக்கு எட்டு முனைக் கொம்போடு ஒரு ஆண் மான் விழுந்தது. தொடைக் கறி எனக்கு வந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் இப்போது சீட்டு ஒட்டுகிறேன்: "வடக்கு ஓக். 12 மணிக்குள் போன் வரும்." கீழே என் மனைவி இங்கத்திய அவசர உதவி எண்ணைப் பேனாவால் சேர்த்து எழுதியிருக்கிறாள்: "12.05க்கு 911."