பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: தகுதியும் தயாரிப்பும் – கேள்வி பதில்

பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பயணமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். அடுத்தது 2027 ஆகஸ்டில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

இது பந்தயமா, பயணமா? ஏன் இதற்கு மட்டும் இவ்வளவு மரியாதை? (திருப்பூர்)

தொடங்கியபோது பந்தயம்தான். 1891-ல் லெ பெத்தி ழூர்னால் என்ற பாரிஸ் நாளிதழ் நடத்தியது. சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். தூர் த பிரான்ஸ் பிறக்கவே அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் ஆயின. தொழில்முறை வீரர்கள் கடைசியாக ஓட்டியது 1951-ல். நம்மைப் போன்றவர்களுக்கான வடிவம் 1931-லிருந்து இருக்கிறது. நடத்துவது ஓடாக்ஸ் கிளப் பாரிசியன், சுருக்கமாக ஏசிபி. இப்போது பரிசுத்தொகையோ முதலிடமோ கிடையாது. 90 மணி நேரத்துக்குள் முடித்தால் ஆன்சியன் என்ற பெயரும் ஒரு பதக்கமும் கிடைக்கும். 2023-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். நள்ளிரவில் ஒரு குன்றின்மேல் நின்று முன்னும் பின்னும் பார்த்தால் சிவப்பு விளக்கு வரிசையும் வெள்ளை விளக்கு வரிசையும் கண்ணுக்கு எட்டும்வரை போகும். அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றால் தெரியும்.

தகுதி பெற என்னென்ன ஓட்ட வேண்டும்? போன வருடம் எஸ்ஆர் முடித்தேன், அது போதுமா அண்ணா? (மதுரை)

போதாது தம்பி. பயணம் நடக்கிற ஆண்டின் பருவத்திலேயே ஒரு முழு எஸ்ஆர் (சூப்பர் ராண்டனர்) வேண்டும். அதாவது 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஆகிய நான்கு பிஆர்எம் (ஏசிபி ஒப்புதல் உள்ள, நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணம்; பிரெவே என்றும் சொல்வோம்). நேர வரம்பு உனக்கே தெரியும்: முறையே 13 மணி 30 நிமிடம், 20, 27, 40 மணி. பருவம் நவம்பர் 1-ல் தொடங்குவதால் 2026 நவம்பர், டிசம்பரில் ஓட்டுவது 2027 கணக்கில் சேரும். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி. மழை விட்டதும் 200, 300, பொங்கலை ஒட்டி 400, பிப்ரவரிக்குள் 600 என்று வைத்துக்கொண்டால் அக்னி நட்சத்திரம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். ஒன்று தவறினாலும் வருந்தாதே; நீளமான பிரெவே ஒன்றைக் குறைந்த தூரத்துக்கு ஈடாகக் காட்டலாம். ஆனால் 600-ஐ மட்டும் கடைசி வாய்ப்புவரை தள்ளிப்போடாதே. ஒரு டயர் கிழிந்தால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய ஆண்டில் ஓட்டுவது வீண் என்று நினைக்காதே. அது எதற்கு உதவும் என்பது அடுத்த கேள்வியில்.

முன்பதிவுக்கு வரிசை உண்டு என்கிறார்களே, அது எப்படி? (சென்னை, வேளச்சேரி)

இதைத் தெரியாமல் பலர் இடத்தை இழக்கிறார்கள். முந்தைய ஆண்டில் நீங்கள் முடித்த மிக நீளமான பிரெவேயைப் பொறுத்துத்தான் முன்பதிவுக் கதவு திறக்கும். 2023-க்கு 2022-ஐப் பார்த்தார்கள்: 1,000 கிலோமீட்டரோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு முதலில், பிறகு 600, 400, 300, 200 என்று படிப்படியாக. இடங்கள் நாட்டுவாரியான ஒதுக்கீட்டோடு வேகமாகத் தீரும். 2027-க்கு 2026-ல் நீங்கள் ஓட்டியதுதான் உங்கள் டோக்கன். குறைந்தது ஒரு 600, முடிந்தால் ஒரு 1,000 என்பது என் யோசனை. முன்பதிவு என்பது இடத்தைப் பிடித்துவைப்பது மட்டுமே. 2027-ல் எஸ்ஆர் முடித்து, ஏசிபி தரும் ஒப்புதல் எண்களைப் பதிந்த பிறகுதான் இடம் உறுதியாகும். பிரெவே முடிந்ததும் உங்கள் பெயரும் எண்ணும் முடிவுப் பட்டியலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

நான் ஓட்டுவதெல்லாம் ஈசிஆரில். 600-ஐ 33 மணி நேரத்தில் முடித்தேன். பாரிஸ் பயணம் சுலபமாக இருக்குமா? (சென்னை, திருவான்மியூர்)

நீங்கள் நல்ல ஓட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் தகுதி பெறுவது வேறு, அந்தப் பாதைக்குத் தயாராவது வேறு. இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து தகுதி பெற்றுப் போய் முடிக்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கால் வலு குறைவு என்று நான் நம்பவில்லை.

அந்தப் பாதையில் பெரிய மலையே இல்லை. மிக உயரமான இடம்கூட 400 மீட்டரைத் தாண்டாது. ஆனால் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 12,000 மீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1,000 மீட்டர் ஏற்றம். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம், உடனே அடுத்த ஏற்றம். நார்மண்டி எல்லையிலிருந்து பிரிட்டனி முனைவரை இதேதான், திரும்பும்போதும் இதேதான். ஏற்காடு ஏறிப் பழகியவர்கள்கூட இதில் திணறுவார்கள். அங்கே ஒரே ஏற்றம், ஒரே சீரான மிதி, மேலே போனதும் ஓய்வு. இங்கே காலுக்கு ஒரே தாளம் அமையாது.

அதனால் உங்கள் பயிற்சிப் பாதையை அந்த விகிதத்தில் தேடுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சாலைகள், ஜவ்வாது மலைப் பக்கம் எல்லாம் சென்னைக்காரர்கள் வார இறுதியில் போகக்கூடியவை. காட்டுப் பகுதிகளில் பகலில் மட்டும் ஓட்டுங்கள், யானை நடமாட்டம் உண்டு. 200 கிலோமீட்டரில் 2,000 மீட்டர் ஏற்றம் வருகிற மாதிரி மாதம் ஒன்றிரண்டு முறை போதும். ஈசிஆரை விட்டுவிட வேண்டாம். மதியத்துக்கு மேல் அடிக்கிற கடல்காற்றில் தொடர்ந்து மிதிப்பது நல்ல பாடம். 2019-ல் பிரெஸ்ட் போகும்வரை எதிர்காற்றுதான்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டிப் பழக வேண்டும்? (கோவை)

வேகத்தைவிட நிற்கிற நேரத்தைப் பாருங்கள். 1,200-ஐ 90 மணியில் முடிக்கச் சராசரி 13.3 போதும். சக்கரம் சுழலும்போது 20 இருந்தால் 60 மணி நேரம் சேடிலில், மீதி 30 மணி நேரம் கையில். கேட்க ஏராளம் போல இருக்கும். அந்த 30 எங்கே போகிறது தெரியுமா? போகவர ஏறத்தாழ 14 கண்ட்ரோல்கள், அதாவது நின்று முத்திரை வாங்க வேண்டிய சோதனை இடங்கள். ஒவ்வொன்றிலும் சைக்கிளை நிறுத்தி, கார்டில் முத்திரை வாங்கி, சாப்பாட்டு வரிசையில் நின்று, கழிப்பறை வரிசையில் நின்று, தண்ணீர் பிடித்து, நண்பருக்காகக் காத்திருந்து... ஒரு மணி நேரம் போனதே தெரியாது. ஒவ்வொரு கண்ட்ரோலிலும் 20 நிமிடம் மிச்சம் பிடித்தால் மொத்தம் நாலரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அது ஒரு முழுத் தூக்கம்.

இதை இங்கேயே பழகலாம். உங்கள் அடுத்த 300-ல் சைக்கிள் நிற்கிற நேரத்தை மட்டும் எழுதிவையுங்கள். அதற்கடுத்த 400-ல் அதைப் பாதியாக்குங்கள். கண்ட்ரோலுக்குள் நுழையும் முன்பே என்னென்ன செய்யப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது என் வழக்கம்: முத்திரை, தண்ணீர், சாப்பாடு, கிரீம், கிளம்பு. மூன்றாம் நாள் மூளை தானாக எதையும் நினைவில் வைக்காது. முத்திரை வாங்கிய பிறகு கண்ட்ரோலைத் தாண்டி அடுத்த கிராமத்து ரொட்டிக்கடையில் சாப்பிடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

தூக்கம்? (ஈரோடு)

முதல் இரவு பெரும்பாலானோர் தூங்குவதில்லை, மாலையில்தானே கிளம்புகிறோம். லூதியாக் ஏறத்தாழ 440-வது கிலோமீட்டரில் வருகிறது. திரும்பும்போதும் அதே ஊர். இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் அதை ஒட்டித் தூங்குவது பலரின் திட்டம், அதனால் அங்கே படுக்கைக்குக் கூட்டம் அதிகம். முந்தைய கண்ட்ரோலான தென்த்தேனியாக்கிலோ அடுத்ததான கரேயிலோ படுத்தால் நிம்மதி. சிறு கட்டணம், கட்டில், சொன்ன நேரத்துக்குத் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார்கள்.

சைக்கிள் மேலேயே கண் சொக்கினால் அடுத்த கண்ட்ரோல்வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். உடனே நிறுத்தி, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி, 15 நிமிட அலாரம் வைத்துப் படுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

எனக்கு 52 வயது, வேகம் குறைவு. எந்த நேரப் பிரிவில் சேர வேண்டும்? நான் ஆசைப்படலாமா? (திருச்சி)

தாராளமாக ஆசைப்படுங்கள் அக்கா. பாதையில் உங்களைவிட வயதானவர்களையும் நிறையப் பார்ப்பீர்கள். பொறுமை இருக்கிறவர்களுக்கான பயணம் இது. 80, 84, 90 என்று மூன்று பிரிவுகள். 90 மணிப் பிரிவு ஞாயிறு மாலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். 84 மணிப் பிரிவு திங்கள் அதிகாலையில். ஓர் இரவு முழுக்கத் தூங்கிவிட்டுக் கிளம்பலாம், ஆனால் ஆறு மணி நேரம் குறைகிறது. நீங்கள் 90-ஐ எடுங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரமாவது படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், தூக்கம் வராவிட்டாலும் படுத்தே இருங்கள்.

உங்கள் வேகத்துக்கு முக்கியம் சேடில். 400-ல் லேசாக உறுத்துகிற சேடில் 800-ல் உட்காரவிடாது. அதை இப்போதே மாற்றிவிடுங்கள். கழுத்துத் தசைக்கும் பயிற்சி வேண்டும். மூன்றாம் நாள் தலையைத் தூக்கவே முடியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

சுத்த சைவம் நான். சமாளிக்க முடியுமா? (கும்பகோணம்)

முடியும், முட்டையும் பாலும் சேருமானால் சுலபமாகவே. கண்ட்ரோல்களில் பாஸ்தா, உருளைக்கிழங்கு மசியல், காய்கறி சூப், ஆம்லெட், பால் சோறு கிடைக்கும். நம் பாயசத்துக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும் அந்தப் பால் சோறுதான் என்னைப் பல இரவுகள் காப்பாற்றியது. சாண்ட்விச்சில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள். சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். கிராமத்து வீட்டு வாசல்களில் நள்ளிரவிலும் மேஜை போட்டுக் காபியும் கேக்கும் கொடுப்பார்கள். லா தான்யேர் என்ற இடத்தில் ஒரு குடும்பம் கிரெப் சுட்டுத் தருகிறது. காசு வாங்க மாட்டார்கள், ஊருக்குப் போய் ஒரு அஞ்சலட்டை அனுப்பினால் போதும். அவசியம் அனுப்புங்கள்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எடுத்துப்போகலாம். ஆனால் புதிதாக எதையும் அங்கே முயற்சி செய்ய வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள், உப்பும் சேர வேண்டும்.

குளிர் எப்படி இருக்கும்? ஆகஸ்ட் கோடைதானே? (தூத்துக்குடி)

பகலில் கோடை. விடியலுக்கு முன் பள்ளத்தாக்குகளில் 10 டிகிரிக்குக் கீழே போகும். 2019-ல் அதைவிடக் குளிர்ந்தது. 2007-ல் மழை விடவே இல்லை. ஏறும்போது வியர்த்து, இறங்கும்போது அந்த ஈரத்தோடு காற்று அடிக்கும், அதுதான் நடுக்கம் தருவது. கம்பளிப் பனியன், முழுவிரல் கையுறை, கால் மூட்டு உறை, காற்று புகாத மேலங்கி இவை எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும், லூதியாக்குக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கும் பையில் அல்ல. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஒரு விடியற்காலை முழு உடுப்போடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரவில் ரிஃப்லெக்டிவ் ஜாக்கெட் கட்டாயம். விதியில் சொன்ன தரக்குறியீடு உங்கள் ஜாக்கெட்டில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அண்ணை, எங்கட சித்தப்பா பாரிஸ் லா சப்பேலில இருக்கிறார். அங்க தங்கலாமோ? யாழ்ப்பாணத்திலயிருந்து தகுதி பெறுறது எப்பிடி? (யாழ்ப்பாணம்)

ஏசிபி ஒப்புதல் உள்ள பிஆர்எம் எந்த நாட்டில் ஓட்டினாலும் செல்லும். தமிழ்நாட்டுக்கு வந்து ஓட்டுவதென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வசதி.

சித்தப்பா இருப்பது பெரிய பலம். அவர் வீட்டில் தங்குவதாக விசா விண்ணப்பத்தில் காட்டினால், அவர் தன் நகரசபையில் தங்குமிடச் சான்று வாங்கித் தர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் கிளம்புகிற இடம் பாரிஸ் நகரம் இல்லை, ராம்புயே. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயில் உண்டு. கடைசி இரண்டு இரவு அங்கே பக்கத்தில் தங்குங்கள். லா சப்பேல் கடைத்தெருவில் அரிசிமா, மிக்சர், மோர் மிளகாய் எல்லாம் கிடைக்கும், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம்.

இன்னொன்று, உங்களுக்கும் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் கவனமாக இருப்போம். மூன்றாம் இரவு தூக்கக் கலக்கத்தில், ஆளில்லாத ரவுண்டானாவில், உடம்பு பழைய பக்கம் திரும்பும். ஒரு வாரம் முன்னதாகப் போய் ஓட்டிப் பழகுங்கள்.

கார்பன் சைக்கிள் வேண்டுமா? (சேலம்)

வேண்டாம். முன்னால் 34 பல் உள்ள பல்சக்கரமும் பின்னால் 32 அல்லது 34 பல்லும் இருக்கட்டும், விளக்கு நம்பகமாக இருக்கட்டும். டிரெய்லூர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் உலோகத் துண்டு) ஒன்று உபரியாகக் கொண்டுபோங்கள், விமானத்தில் வளைவது அதுதான். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

நடுவில் விட வேண்டி வந்தால்? (புதுச்சேரி)

முட்டியில் கூர்மையான வலி, நெஞ்சில் அழுத்தம், கண் மங்குவது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வெறும் சோர்வும் விரக்தியும் என்றால் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கி, எழுந்த பிறகு முடிவெடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு முடிவெடுக்காதீர்கள். விடுவது உறுதியானால் கண்ட்ரோலில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் உங்களை இருட்டில் தேடுவார்கள். பிரெஸ்டிலிருந்து பாரிசுக்கு அதிவேக ரயில் உண்டு. இடையில் இருக்கும் பல கண்ட்ரோல் ஊர்களிலிருந்து அவ்வளவு எளிதல்ல. அதனால் பணமும் பாஸ்போர்ட் நகலும், சார்ஜ் உள்ள போனும் உங்கள் உடம்போடு இருக்கட்டும்.