பினாங்கில் சமூக வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பாடுகிறவர்களைத் தேடிப் போங்கள். செபராங் பிறையில் தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இணைய வானொலியில் ஞாயிறு மாலைகளில் இந்த நிகழ்ச்சியைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டு மேடைக் குழுக்களின் பாட்டுகள். அவற்றையும் போடலாம். ஆனால் நம் ஊர் வானொலி என்றால் நிபோங் திபால், பத்து காவான் பக்கம் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்களின் குரல் அதில் கேட்க வேண்டும். தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அந்த அம்மா பாடுவார் என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாது. கோயில் அன்னதானத்திலும் கருமாதி வீட்டிலும் விசாரியுங்கள், ஆள் கிடைப்பார்.

போனதும் மைக்கை நீட்டாதீர்கள். "பசியாறியாச்சா?" என்று தொடங்கி, எந்தத் தோட்டம், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு, கங்காணி எப்படிப்பட்டவர் என்று பேச்சு ஓடட்டும். தனியாகப் பாடச் சொன்னால் பலருக்கு இரண்டாவது அடியே வராது. கூடவே மரம் சீவிய தோழி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடினால் தயக்கம் போய்விடும்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லி வற்புறுத்தவே கூடாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்பார்கள். ஒரு பாட்டி, "வூட்ல வேணாம்யா, வெளிய வா" என்று கோயிலுக்குப் பின்னால் மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். 1942–43இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போய், திரும்பி வராத அந்தப் பாட்டியின் அப்பாவுக்காக, பாட்டியின் அம்மா வைத்த ஒப்பாரி அது. அப்பாவின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ராகத்தை விட்டுவிட்டு, சும்மா பேசுகிற குரலில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார். நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தமும் இருக்கிறது. எதையும் வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் யார், எங்கே, எந்தச் சமயத்தில் பாடுவது என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். தாலாட்டுக்கும் நலுங்குப் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று நிறைய. பாட்டு முழுசாக ஓடட்டும். பாதியில் குறைத்து அதன்மேல் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

உறுமி மேளம் பதிவு செய்யும்போது கவனம் தேவை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமல்தான் கருவியின் உயிர். கைப்பேசியின் இரைச்சல் குறைப்பு வசதி அதையே இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அதை அணைத்துவிடுங்கள். முடிந்தால் தனி ரெக்கார்டர் வாங்குங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் ஒரு குழுவின் அடியோடு அடுத்த குழுவின் அடி கலந்துவிடும், அதனால் பயிற்சி நாளில் போவது நல்லது. குழுவில் தப்பு மேளம் (பறை) இருந்தால் அதைத் தீயில் காய்ச்சும்வரை பொறுங்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் தொய்ந்து கிடக்கும்.

உரிமை விஷயம்: பழம்பாட்டு பொதுச்சொத்து என்றாலும் அதன் ஒலிப்பதிவு அப்படியல்ல. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. யாரோ வைத்திருக்கும் பழைய கேசட்டைக் கேட்காமல் ஒலிபரப்ப வேண்டாம். நீங்களே பதிவு செய்தால், "இதை ரேடியோவில் போடலாமா, பேர் சொல்லலாமா?" என்ற கேள்வியையும் பதிலையும் அந்தப் பதிவின் கடைசியிலேயே சேர்த்துவிடுங்கள். ஒலிபரப்புக்கு முந்தின நாள் பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க்கும் நேரமும் அனுப்புங்கள். பாடியவருக்கு அதைப் போட்டுக் காட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.